கையில் 12,000 ரூபாய், பந்தியில் 13 பேர்

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன், பெயர் வேண்டாம். கணவர் லாரி ஷெட் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். இரண்டு வருமானமும் சேர்ந்து மாதம் 26,000 ரூபாய் வரும். மகள் ஒன்பதாவது, மகன் நாலாவது படிக்கிறார்கள். மாமியார் எங்களோடு இருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து மெத்தை, பீரோ, தையல் மெஷினின் மோட்டார் எல்லாம் போனது. அதிலிருந்தே கை இறுக்கம்தான். போன கிறிஸ்துமஸுக்கு வளையலை அடகுக் கடையில் வைத்து 2 வட்டிக்கு 30,000 ரூபாய் வாங்கினோம், செப்டம்பரில்தான் மீட்டோம். இந்த வருஷம் கடன் வாங்கக் கூடாது என்று இருக்கிறேன். சீசன் தையல் காசையும் சேர்த்து 12,000 ரூபாய் தேறும். ஆனால் அத்தை எங்களோடு இருப்பதால் கொழுந்தன் குடும்பம் 4 பேர், மதினி குடும்பம் 4 பேர் எல்லோரும் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். 'வந்தவங்களுக்குப் பிரியாணி கூடப் போடலைன்னா ஊர் என்ன சொல்லும்' என்கிறார் கணவர். பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வருகிற ஜனவரியிலிருந்து கிறிஸ்துமஸ் சீட்டு பிடிக்கிறார், மாதம் 500 ரூபாய். அதில் சேரலாமா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது? போன வருஷத்து ஸ்டாரும் கிழிந்து கிடக்கிறது. (கூடவே ஒரு செலவுப் பட்டியலும் வைத்திருக்கிறேன்.)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டியலை இரண்டு முறை படித்தேன். மகளுக்குச் சுடிதார், மகனுக்கு பேன்ட் சட்டை, கணவருக்குச் சட்டை, அத்தைக்குச் சேலை, கொழுந்தன் பிள்ளைகளுக்கு கிஃப்ட். எல்லாம் இருக்கிறது, உங்கள் பெயரைத்தான் காணவில்லை. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த வளையல். 30,000 ரூபாய்க்கு 2 வட்டி என்றால் மாதம் 600 ரூபாய். டிசம்பரிலிருந்து செப்டம்பர் வரை 9 மாதம், ஆக 5,400 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருக்கிறீர்கள். இந்த வருஷத்துக் கிறிஸ்துமஸுக்கு நீங்கள் ஒதுக்கியிருக்கும் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. போன வருஷம் சாப்பிட்ட பிரியாணிக்கு செப்டம்பர் மாதம் வரை காசு கொடுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள். கணக்கு எழுதுகிறவர், புரிந்துகொள்வார். அதே வளையலை ஒரு வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ வைத்திருந்தால் வட்டி ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். இனி அடகு வைக்கும் நிலை வரக் கூடாது, வந்தால் எங்கே போவது என்று தெரிந்திருக்கட்டும், அதற்காகச் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு ஏன் வருஷாவருஷம் கை கடிக்கிறது என்று என்னிடம் நிறையப் பேர் கேட்பார்கள். பண்டிகை விழுகிற தேதி ஒரு காரணம். தனியார் இடங்களில் போனஸ் பெரும்பாலும் தீபாவளிக்கு வந்துவிடுகிறது. நமக்குத் தீபாவளி இல்லை என்றாலும் அந்தப் பணம் நவம்பருக்குள் பள்ளிக் கட்டணம், வீட்டு ரிப்பேர் என்று கரைந்துவிடும். டிசம்பர் 25 என்பது மாதக் கடைசி. அடுத்த ஏழாவது நாள் புத்தாண்டு, அதற்கும் ஆராதனை, அதற்கும் புதுத்துணி. ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்கு மூன்றாம் பருவம். இடையில் பொங்கல் வேறு. சம்பளம் வந்து 20 நாள் கழித்து வரும் பண்டிகைக்கு, சம்பளம் வந்த அன்றே காசைப் பிரித்து வைக்காவிட்டால் வேறு வழியே கிடையாது. டிசம்பர் முதல் வாரத்தில் சம்பளம் கையில் வந்ததும் இந்த 12,000-ஐ வீட்டுச் செலவிலிருந்து தனியாக எடுத்து, தனித்தனிக் கவரில் போட்டுவிடுங்கள். பழைய பாணிதான். ஆனால் ஜிபே-யில் போகிற காசு கண்ணுக்குத் தெரிவதில்லை, கவரில் குறைகிற காசு தெரியும்.

கணவர் வேலை பார்க்கும் இடத்தில் ஒன்று கேட்டுப் பார்க்கலாம். உங்கள் ஊரில் கிறிஸ்தவர்கள் அதிகம் வேலை பார்க்கும் சில இடங்களில், விருப்பப்படுகிறவர்களுக்கு போனஸை டிசம்பரில் தருவதுண்டு. அடுத்த வருஷத்துக்கு இப்போதே சொல்லி வைத்தால் முதலாளிக்கும் ஒரே நேரத்தில் பெரிய தொகை போகாது. தர மாட்டேன் என்றால் அதோடு விட்டுவிடலாம்.

சரி, 12,000-ஐ எப்படிப் பிரிப்பது? நான் போட்ட கணக்கைச் சொல்கிறேன். விலைவாசி கடைக்குக் கடை மாறும், 50, 100 முன்னே பின்னே இருக்கும்.

முதல் கவர் காணிக்கை. கிறிஸ்துமஸ் ஆராதனை, புத்தாண்டு ஆராதனை, ராத்திரி பஜனை வரும் பிள்ளைகள், மூன்றுக்கும் சேர்த்து 1,000 ரூபாய். நிதி ஆலோசகர் காணிக்கையை முதலில் வைக்கச் சொல்கிறாரே என்று நினைக்க வேண்டாம். பட்டியலில் கடைசியில் வைத்தால் அந்த நேரத்தில் கையில் இருக்காது. அப்போது கூச்சத்துக்குப் பயந்து பக்கத்து வீட்டில் 500 ரூபாய் கைமாற்று வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பஜனைக்கு வருகிறவர்களுக்குத் தட்டு நிறையப் பலகாரம் வைக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒரு மணிக்கு நனைந்துகொண்டு வருகிற பிள்ளைகளுக்குச் சூடாகச் சுக்குக் காபி கொடுத்தால் போதும். கருப்பட்டி இப்போது மலிவு கிடையாது, சர்க்கரையோ மண்டை வெல்லமோ போடலாம். அந்த நேரத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது துணி, 3,000 ரூபாய். நீங்கள் தைக்கிறவர், இதில்தான் உங்களுக்குப் பெரிய மிச்சம். மகளுக்குத் துணி எடுத்து நீங்களே தையுங்கள், 700 ரூபாய். மகனுக்கு ரெடிமேட் 700. கணவருக்குச் சட்டைத் துணி 450. அத்தைக்கு 500 ரூபாயில் ஒரு காட்டன் சேலை. உங்களுக்கு 550 ரூபாயில் ஒரு சேலை. ஆமாம், உங்களுக்குத்தான். மொத்தம் 2,900, மீதி 100 ரூபாய் நூலுக்கும் லைனிங்குக்கும். பழைய சேலையே போதும் என்று நீங்கள் எனக்குப் பதில் எழுதுவீர்கள் என்று தெரியும். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லாமல் நிற்பது வீட்டில் யார் என்பதை அந்த வயதுப் பெண் பார்க்காமல் இருக்க மாட்டாள்.

இதே துணிதான் புத்தாண்டுக்கும். நம் பக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஜனவரி 1-க்கு ஒன்று என்று இரண்டு எடுப்பது எப்படியோ வழக்கமாகிவிட்டது. இரண்டாவது செட்டை இந்த வருஷம் விட்டுவிடுங்கள். துவைத்து, கஞ்சி போட்டுத் தேய்த்துக் கட்டினால் எந்தக் காட்டன் சேலையும் புதுசுதான்.

ஒரு எச்சரிக்கை. தையல்காரர் வீட்டுப் பிள்ளையின் துணிதான் எப்போதும் கடைசியில் தைக்கப்படும். 24-ம் தேதி ராத்திரி 11 மணிக்கு ஊரார் ப்ளவுஸுக்கெல்லாம் கொக்கி வைத்து முடித்துவிட்டு, மகளின் சுடிதாரை அப்போதுதான் வெட்ட எடுப்பீர்கள். அது வேண்டாம். டிசம்பர் 5-க்குள் உங்கள் வீட்டுத் துணியைத் தைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, பிறகு சீசன் வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து பலகாரம். இங்கே வழக்கமாக எல்லோரும் சொல்கிற ஆலோசனையை நான் சொல்லப் போவதில்லை. 'எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள், மிச்சமாகும்' என்பார்கள். வீட்டில் சும்மா இருக்கிறவருக்கு அது சரி. உங்களுக்கு டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் அடுப்பின் முன்னால் உட்கார்ந்தால், அன்றைக்குத் தைக்க வேண்டிய ப்ளவுஸ்களின் கூலி போய்விடும். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, கலகலா என்று ஐந்தையும் செய்தால் மூன்று நாள் போகும். அந்த மூன்று நாள் கூலியைக் கணக்கில் சேர்த்தால் கடையில் வாங்குவதே மலிவு.

எங்கள் அம்மா காலத்தில் பாளையங்கோட்டையில் நாங்கள் இருந்த தெருவுக்கே அச்சு முறுக்கு அச்சு ஒன்றுதான் இருந்தது. டிசம்பர் 18-ம் தேதி வாக்கில் அது முதல் வீட்டில் கிளம்பும். ஒவ்வொரு வீடாகச் சுற்றி எங்கள் வீட்டுக்கு வரும்போது ராத்திரி பத்து மணி ஆகியிருக்கும். அம்மா அதைக் கழுவ விட மாட்டார். எண்ணெயில் ஊறி ஊறிப் பதமான அச்சு, கழுவினால் மாவு ஒட்டிக்கொள்ளுமாம். எண்ணெய்ச் சட்டியில் அச்சை முங்க வைத்து நன்றாகச் சூடாக்கி, எடுத்து, மாவில் முக்கால் உயரம்தான் தோய்க்க வேண்டும். மேல் விளிம்பு வரை மாவு ஏறிவிட்டால் பூ கழன்று விழாது. தோய்க்கும்போது 'சுர்'ரென்று ஒரு சத்தம் வர வேண்டும். சத்தம் வராவிட்டால் அச்சு ஆறிவிட்டது என்று அர்த்தம். பிறகு எண்ணெயில் இறக்கி லேசாக ஆட்டினால் பூ தானாகக் கழன்று மிதக்கும். முதல் நாலைந்து எப்போதும் உடையும். அந்த உடைசலுக்காகத்தான் நாங்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்போம்.

அந்தத் தெருவில் இன்னொன்றும் நடந்தது. முந்திரிக்கொத்துக்கு ஒரு வீடு, அதிரசத்துக்கு ஒரு வீடு, முறுக்குக்கு ஒரு வீடு என்று கைப்பக்குவத்தைப் பார்த்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொருவரும் ஒரே பலகாரத்தை மொத்தமாகச் செய்து மற்றவர்களோடு மாற்றிக்கொள்வார்கள். நாலு வீடு சேர்ந்தால் நாலு வகைப் பலகாரம், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் வேலை. உங்கள் தெருவில் இதற்கு மூன்று பேராவது கிடைப்பார்கள். அச்சு முறுக்கு நன்றாகச் சுடுகிற பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு ப்ளவுஸ் தைத்துக் கொடுத்துவிட்டு ஒரு டப்பா முறுக்கு வாங்கிக்கொண்டாலும் சரிதான். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டிய ஒன்றுக்கு முந்திரிக்கொத்தைச் சொல்வேன். பெயரில்தான் முந்திரி, உள்ளே இருப்பது வறுத்து அரைத்த பாசிப்பயறு, வெல்லப் பாகு, வறுத்த தேங்காய்ப்பூ, எள், ஏலக்காய். முந்திரிப் பருப்பு விற்கிற விலைக்கு அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. தேங்காயை ஈரம் போகச் சிவக்க வறுத்தால் ஒரு வாரம், பத்து நாள் கெடாது. அத்தையை வைத்து உருண்டை பிடிக்கச் சொல்லுங்கள், மகள் மாவில் தோய்க்கட்டும், நீங்கள் பொரித்து எடுங்கள். 20-ம் தேதி சாயங்காலம் மூன்று மணி நேரத்தில் முடியும். எண்ணெய், பயறு, வெல்லம், மற்ற பலகாரத்துக்கு உங்கள் பங்குச் சாமான், 24-ம் தேதி ராத்திரி வெட்ட குக்கரில் ஒரு சின்ன கேக், எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் ஒதுக்குங்கள். தீபாவளிக்கு உங்களுக்குப் பலகாரம் கொடுத்த வீடுகளுக்கு இதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். எத்தனை வீடு என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். பெரிய டப்பாவில் போட்டுக் கொடுத்தால் பாதி டப்பா காலியாகத் தெரியும், சின்னத் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

கேஸ் சிலிண்டரை மறக்காதீர்கள். பலகாரத்தின் நடுவிலோ 25-ம் தேதி காலையிலோ தீர்ந்துபோவதுதான் அதன் வழக்கம். 15-ம் தேதிக்குள் பதிவு செய்துவிடுங்கள்.

இப்போது கணவரின் பிரியாணி.

13 பேருக்கு மட்டன் பிரியாணி என்றால் கறி, சீரகச் சம்பா, நெய், முந்திரி எல்லாம் சேர்ந்து உங்கள் 12,000-இல் பெரிய பள்ளம் விழும். காலையில் ஆராதனை முடிந்து வந்ததும் இட்லிக்குக் கறிக்குழம்பு தனியாக வேண்டும். அதாவது இரண்டு வேளைக்கு இரண்டு கறி. நான் சொல்வது ஒரே குழம்பு. 2 கிலோ ஆட்டுக்கறி, கொஞ்சம் எலும்பும் சேர்ந்ததாக, அதோடு ஒரு கிலோ உருளைக்கிழங்கு. தேங்காய் அரைத்துப் பெரிய சட்டியாக வைத்துவிடுங்கள். காலையில் உங்கள் ஐந்து பேருக்கும் இட்லியோடு அதுதான். மத்தியானம் 13 பேருக்கும் தேங்காய்ப்பால் சோறு, அதே குழம்பு. நேரம் ஆக ஆகக் குழம்புக்கு ருசி கூடும் என்று நான் உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தேங்காய்ப்பால் சோறும் கறிக்குழம்பும் உங்கள் ஊரில் பிரியாணிக்கு ஒரு படி மேலே என்று சொல்கிற ஆட்கள் நிறைய உண்டு. எனக்கும் அந்தக் கட்சிதான். கறிக்கு 1,900 வரை வைத்துக்கொள்ளுங்கள், அரிசி, தேங்காய், இட்லி மாவு, மசாலா, வாழையிலைக்கு 1,100. மொத்தம் 3,000. கறிக்கடையில் 22-ம் தேதியே சொல்லி வையுங்கள். 25-ம் தேதி விடியற்காலையில் கோயிலுக்குப் போவதா, கறிக்கடை வரிசையில் நிற்பதா என்று தவிக்க வேண்டாம்.

கோழி வறுவலும், தயிர்ப் பச்சடியும், கேக்கும்? அதெல்லாம் வருகிறவர்கள் கொண்டுவரட்டும். இதைப் படித்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு 'வரும்போது கோழி கொண்டு வாங்க' என்று சொல்ல நம் வீட்டு மருமகள் யாருக்கும் வாய் வராது. நீங்கள் சொல்லவும் வேண்டாம். அத்தை சொல்லட்டும். டிசம்பர் முதல் வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வருஷம் கையில் இவ்வளவுதான் இருக்கிறது என்று கணக்கை அப்படியே காட்டுங்கள். வளையல் விஷயம் அவர்களுக்கு முழுசாகத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம். பிறகு போனை எடுத்து அவர்களே பேசுவார்கள். 'ஏலே, இந்தத் தடவை கோழி உன் பொறுப்பு. உன் வீட்டுக்காரி வறுத்தாத்தான் எனக்கு எறங்கும்' என்று சின்ன மகனிடம் ஒரு தாய் சொன்னால் அது கேட்டு வாங்குவது ஆகாது, உரிமை. மகளிடம் 'கேக்கு நீ வாங்கிட்டு வா' என்பார்கள். அண்ணன் வீட்டில் ஒவ்வொரு வருஷமும் கைவீசிக்கொண்டு வந்து சாப்பிட்டுப் போவது அவர்களுக்கும் உள்ளுக்குள் சங்கடமாகத்தான் இருந்திருக்கும்.

ஊர் என்ன சொல்லும் என்ற கேள்வி அதற்குப் பிறகும் கணவர் மனதில் இருந்தால், போன வருஷம் பந்தியில் உட்கார்ந்த எட்டுப் பேரில் யாராவது பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை இதுவரை பேசியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஸ்டார், சீரியல் லைட்டு, குடில் மூன்றுக்கும் 400 ரூபாய். மின்கட்டணத்துக்குப் பயந்து ஸ்டாரை ராத்திரி எட்டு மணிக்கே அணைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 9 வாட் எல்இடி பல்பு தினமும் 6 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு ஒன்றரை யூனிட் சொச்சம்தான் வரும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் நம் மாநிலத்தில், உங்கள் பில்லில் அது தெரியவே தெரியாது. நன்றாக எரியட்டும்.

குடிலுக்குப் பெரிதாகக் காசு தேவையில்லை. 14-ம் தேதி வாக்கில் ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறவைத்து, ஐஸ்கிரீம் டப்பா மூடியில் மண் பரப்பித் தூவி, தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளித்தால் 24-ம் தேதிக்குள் பச்சைப் புல்வெளி தயார். நாலாவது படிக்கிற பையனுக்கு இந்த வேலையைக் கொடுங்கள். தினமும் காலையில் எழுந்ததும் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பான். கடற்கரை மணல் உங்கள் ஊரில் இல்லாத பொருளா? வைக்கோல் மாட்டுக்காரர் வீட்டில் ஒரு பிடி. சொரூபங்கள் போன வருஷத்தது இருக்கும். ஒரு ஆட்டுக்குக் கால் உடைந்திருந்தால் படுத்திருக்கிற ஆடாக வைத்துவிடலாம்.

புத்தாண்டுக்கு 1,200. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து வந்து படுத்தால், மறுநாள் எழவே பத்து மணி ஆகும். அன்றைக்குக் கோழிக் குழம்பு போதும், யாரையும் கூப்பிட வேண்டாம். கிஃப்ட்டுக்கு 800 ரூபாய். கொழுந்தன் பிள்ளைகள், மதினி பிள்ளைகள், உங்கள் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சீட்டு எழுதிப் போட்டு ஆளுக்கு ஒருவருக்கு மட்டும் வாங்கட்டும், 100 ரூபாய்க்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டு. பள்ளியில் கிறிஸ்மா கிறிஸ்சைல்டு விளையாடிய பிள்ளைகளுக்கு இது புதிது கிடையாது. உங்கள் இரண்டு பிள்ளைகளின் பங்கு 200. மீதியில் உங்களைவிடக் கஷ்டப்படுகிற ஒரு வீட்டுக்கு ஏதாவது செய்யுங்கள். பூவை மறந்துவிட்டேன். மார்கழிப் பனி தொடங்கினால் மல்லியும் பிச்சியும் தொட முடியாத விலைக்குப் போகும். 24-ம் தேதி சாயங்காலம் பூ மார்க்கெட் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. வீட்டுச் செம்பருத்தியோ நந்தியாவட்டையோ போதும் என்று சொன்னால் உங்கள் மகள் என்னைத் திட்டுவாள், அதனால் அவளுக்கு மட்டும் ஒரு முழம்.

கூட்டிப் பாருங்கள். காணிக்கை 1,000, துணி 3,000, பலகாரம் 2,000, சாப்பாடு 3,000, ஸ்டார் குடில் 400, புத்தாண்டு 1,200, கிஃப்ட் 800. மொத்தம் 11,400. மீதி 600. வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் உங்கள் பக்கத்தில் என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால்தான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அதனால் அந்த 600 ரூபாயை 25-ம் தேதி வரை தொடவே கூடாது.

600 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? அடகுக் கடைக்கு நீங்கள் மாதாமாதம் கட்டிய வட்டியும் அதேதான். நான் வேண்டுமென்று அப்படிக் கணக்குப் போடவில்லை, தானாக வந்து நின்றது. செப்டம்பர் வரை அந்த 600-ஐ எப்படியோ கட்டினீர்கள், இல்லையா? அதையே டிசம்பரிலிருந்து வங்கியில் 12 மாதத் தொடர் வைப்பாக, அதாவது ஆர்.டி.யாகப் போடுங்கள். அடுத்த டிசம்பரில் 7,200 ரூபாயும், ஆண்டுக்கு ஆறரை சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால் கூடவே 250 ரூபாயும் கையில் இருக்கும். தபால் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனால் அது ஐந்து வருஷத் திட்டம். ஒரு வருஷத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்துப் போட்டுவிட்டு டிசம்பரில் கவுன்டரில் நிற்கிறவர்கள் உண்டு. மகளின் கல்லூரிக்கு வேண்டுமானால் அங்கே போடலாம், கிறிஸ்துமஸுக்கு வங்கிதான்.

இப்போது அந்த அக்காவின் சீட்டு. மாதம் 500 வீதம் 12 மாதத்துக்கு 6,000. வருஷக் கடைசியில் மளிகைச் சாமான், எண்ணெய், ஒரு வெள்ளிக் காசு என்று பை நிறையத் தருவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மூன்று கேள்வி கேளுங்கள். கட்டுகிற காசுக்கு ரசீது உண்டா? பதிவு செய்த சீட்டா? நடுவில் உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கட்டியதைத் திருப்பித் தருவாரா? சீட்டு நடத்துவதற்கு 1982-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது, பதிவு செய்யாமல் நடத்தக் கூடாது. அந்த அக்கா நேர்மையானவராகவே இருக்கட்டும். 40 பேர் காசு அவர் வீட்டு பீரோவில் இருக்கும்போது அவர் வீட்டிலேயே ஒரு கஷ்டம் வந்தால் எதை எடுப்பார்? பண்டிகை நெருக்கத்தில் சீட்டுப் பணத்தோடு ஆள் தலைமறைவு என்று செய்தி வருவது புதிது கிடையாது. அந்தச் செய்திகளில் எல்லாம் ஏமாந்தவர்கள் சொல்வது ஒன்றுதான்: 'நல்லாப் பழகினவங்க'. முகத்தை முறிக்க வேண்டாம். வங்கியில் ஆர்.டி. போட்டுவிட்டோம், இரண்டும் கட்ட முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதுதான் உண்மையும்கூட.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பையனிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவனுக்குக் கேழ்வரகு இருக்கிறது, கொழுந்தன் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தேவைப்படாது. மகளிடம் நோட்டையே கொடுத்துவிடுங்கள். 12,000 என்று முதல் வரியில் எழுதி, ஒவ்வொரு கவரிலிருந்தும் எடுக்கும்போது அவளே கழிக்கட்டும். 'நமக்குக் கஷ்டம்' என்ற முன்னுரை வேண்டாம், கணக்கே போதும். என்னிடம் ஆலோசனைக்கு வரும் வீடுகளில் நான் கண்டது, வீட்டுக் கணக்கைக் கையில் வாங்கிய பிள்ளை பெற்றோரைவிடக் கறாராக இருக்கும். அப்பா 200 ரூபாய்க்குப் பட்டாசு என்று ஆரம்பித்தால், எந்தக் கவரிலிருந்து என்று கேட்பாள். அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டால் சண்டை, அவள் கேட்டால் சிரிப்பு.

கடைசியாக, அந்தக் கிழிந்த ஸ்டார். காகிதம்தான் கிழிந்திருக்கிறதா, குச்சியும் ஒடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூங்கில் சட்டம் நன்றாக இருந்தால் புதிது வாங்க வேண்டாம். பழைய காகிதத்தை ஈரத்துணியால் ஊற வைத்து உரித்துவிட்டு, பட்டம் செய்கிற கலர்க் காகிதம் நாலைந்து தாள் வாங்கி, மைதாப் பசை காய்ச்சி ஒட்டுங்கள். காகிதத்தை ரொம்ப இழுத்து ஒட்டினால் காய்ந்ததும் நடுவில் கிழியும், கொஞ்சம் தொய்வாக ஒட்டினால் காயும்போது அதுவே விறைத்துக்கொள்ளும். ஒயர் ஒட்டுப்போட்ட இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறதா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மொட்டை மாடிக் கம்பியில் கட்டாமல் சன்ஷேடுக்கு உள்பக்கமாகத் தொங்கவிடுங்கள், சாரல் அடிக்காது.